பிடங்கில் ஒரு சின்னக் கதவு

பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் புட்டு வரும். வேலிப் பொட்டுக்குள்ளால், அந்த ஓட்டைக்குள்ளால், பக்கத்து வீட்டு மாமா தலையை நுழைத்து, சாப்பாட்டுப் பெட்டியை நீட்டுவார். நான் கையை நீட்டினால் தரமாட்டார். முதலில் மூடியைத் திறப்பார். உள்ளே காட்டுவார். புட்டு இருக்கிறது, மேலே கத்தரிக்காய்க் குழம்பு இருக்கிறது என்று நான் என் வாயால் சொன்ன பிறகுதான் மூடி, என் கைக்கு மாற்றுவார். நான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அதே சடங்குதான். "கழுவிப்போட்டன் மாமா, வெறும் பெட்டிதான்" என்று சொன்னால் முகம் கடுகடுத்துவிடும்.

"வெறுமையெண்டு சொல்லாதையும் பிள்ளை. காட்டும்."

காட்டுவேன். அவர் ஒரு விரலை உள்ளே விட்டு மூலையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். நீதிமன்றத்துக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும், கறுப்புக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பல்லைக் கடித்தபடி நிற்பேன். தெல்லிப்பழையில் அந்த ஒழுங்கைக்குக் குடிவந்த முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மரை கழன்றிருக்கிறது என்று.

பெட்டி மட்டுமில்லை. குடையை மடக்கினால் அதன் நுனி நிலத்தைத்தான் பார்க்கும். கத்தியைப் பிடிப்பக்கமாகத் தருவார், அது எல்லோரும் செய்வது. அவர் விளக்குமாற்றுக் கட்டையைக்கூட ஆளுக்கு நேரே நீட்டமாட்டார். ஒருநாள் மாமி, அதாவது அவருடைய மனைவி, கிண்டிக்கொண்டிருந்த அகப்பையை என் பக்கம் நீட்டி, "வா பிள்ளை, கூழ் குடிச்சிட்டுப் போ" என்றார். இவர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார்.

"இஞ்சரும், ஆளுக்கு நேரை பிடியாதையும்!"

"இது அகப்பையப்பா," என்றார் மாமி. "கூழ் வடியுது, வேறை ஒண்டும் பாயாது."

ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் பழைய ஸ்டோர்கீப்பர். கொழும்பில் ஏதோ அரசாங்கக் களஞ்சியத்தில் வேலை பார்த்து, நாட்டில் பெரும் பிரச்சினை தொடங்கும் முன்னரே ஓய்வெடுத்து ஊரோடு வந்தவர் என்றார்கள். கண்பார்வை மட்டு. போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மாமி பாட்டுப் புத்தகத்தைப் பிடித்து வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க, அவர் பின்னால் இழுத்துப் பாடுவார். பாவம் மனுசன் என்று நானும் இரங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாவப்பட்ட கண்ணுக்கு, வேலிக்கு அப்பாலிருந்தே என் ஸ்கூட்டரின் நம்பர் தகட்டில் ஒரு ஆணி விழுந்திருப்பது எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். சட்டத்தரணி என்று பெயர்தான்.

குட்டு வெளிப்பட்டது ஒரு வழக்கால். அச்சுவேலிப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கூரைக்குள் ஒரு துவக்குக் கிடந்தது. பூட்டனார் காலத்துத் துப்பாக்கி. அதைப் பற்றி மாமியிடம் வேலியால் அளந்துகொண்டிருந்தேன். "வேறை துவக்கு மாதிரி இல்லை மாமி. விசைக்குப் பின்னாலை கீழ்ப்பக்கம் ஒரு இரும்புப் பிடி கிடக்கு. அதை அமத்தினால் மேலை ஒரு தட்டு இறங்குது, கிணத்து வாளி மாதிரி."

"மாட்டினி எண்ட வெள்ளைக்காரத் துவக்கு," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "வலப்பக்கத்திலை கண்ணீர்த்துளி மாதிரி ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அது எப்பிடிச் சாய்ஞ்சு நிக்குதெண்டு பாத்தனீரோ? சாய்வைப் பாத்தால் துவக்கு சுட ஆயத்தமாய் எழும்பி நிக்குதோ, படுத்துக் கிடக்குதோ எண்டு சொல்லலாம். இருட்டுக்கையும் விரலாலை தடவி அறியலாம். அந்தக் காலத்திலை அப்பிடி யோசிச்சுச் செய்திருக்கிறான்!"

மாமியின் முகம் வெளிறிவிட்டது. மாமா வாசலில் வந்து நின்றார். கண்ணாடி நெற்றியில் ஏறிக் கிடந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

அவர் ஸ்டோர்கீப்பர் இல்லை. பொலிஸில் ஆமரர். துவக்குகளைப் பிரித்து, பழுது பார்த்து, பூட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்துக் கொடுக்கிற ஆள். ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் நிலைமை மாறியது. துவக்குத் திருத்தத் தெரிந்த ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தால் எந்தப் பக்கத்தாரும் அவரைச் சும்மா வீட்டில் இருக்க விடமாட்டார்கள் என்று மாமிக்கு விளங்கிவிட்டது. மாமிதான் தன் தகப்பனாரின் தடித்த கண்ணாடியை எடுத்துக் கொடுத்தவர். ஒருநாள் யாரோ இரண்டு பேர் சாக்கில் சுற்றிய ஒன்றைச் சைக்கிளில் கொண்டுவந்து கதவைத் தட்டியபோது, இவர் அவர்களை விட்டுவிட்டு வாசல் தூணைப் பார்த்து, "வாங்கோ தம்பியவை, இருங்கோ" என்று உபசரித்தாராம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு இடப்பெயர்வு, முகாம், உறவினர் வீடு, திரும்பிவருதல். எல்லாவற்றுக்குள்ளும் அந்தக் கண்ணாடி கூடவே வந்தது. சண்டை முடிந்தும் கழற்றவில்லை. பயம் அப்படி லேசில் விட்டுப்போகிற சாமானில்லையே.

"ஒரு ஈ காக்காய்க்கும் சொல்லக்கூடாது," என்று மாமி என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. அவ்வளவு காலம் அடைபட்டுக் கிடந்த பேச்சு. ஞாயிறு மத்தியானங்களில் எனக்குச் சோறும் துவக்கும் கிடைத்தன. எந்தத் துவக்கைச் சொன்னாலும் அதைச் செய்தவனின் குணத்தைச் சொல்லுவார். பழைய துவக்கு ஒன்றுக்கு ரவை, அதாவது தோட்டா, போடும் வாசல் மூக்குப்பொடி டப்பா மூடி போலப் பக்கவாட்டில் திறக்குமாம். இன்னொன்றில், கண்ணுக்கே எட்டாத தூரத்தில் நிற்கும் கூட்டத்தைக் குறிபார்க்கப் பக்கத்தில் தனியாக ஒரு குறிகாட்டி வைத்திருந்தார்களாம். "ஆரெண்டே தெரியாதவனைச் சுட ஒரு ஏற்பாடு. கெட்டித்தனத்துக்குக் குறைவில்லை, புத்திக்குத்தான் குறை," என்பார்.

அவருக்கு உயிர் பழைய காலத்து த்ரீ நொட் த்ரீ ரைபிள். அதைப் பற்றிச் சொல்லும்போது சோறு காய்ந்துவிடும்.

"பிள்ளை, பத்து ரவை போடுற பெட்டியைக் கீழை வைச்சவன். வைச்சுப்போட்டுப் பயந்திட்டான், சிப்பாய் எல்லாத்தையும் வீணாய்ச் சுட்டுத் தள்ளிப்போடுவானெண்டு. முதல்ல பெட்டியைத் துவக்கோடை ஒரு சின்னச் சங்கிலியாலை கட்டினவன், துலைக்கக்கூடாதெண்டு. பிறகு பெட்டிக்கு மேலை இழுத்து மூட ஒரு தகடு வைச்சவன். தகட்டை மூடினால் பெட்டிக்குள்ளை இருக்கிற ரவை மேலை வராது. ஒவ்வொண்டாய்க் கையாலை போட்டுச் சுட வேணும். பெட்டியிலை உள்ளது சேமிப்பு, அந்தரத்துக்குத்தான். உதைச் செய்தவன் வெள்ளைக்காரனெண்டு சொல்லுறாங்கள். நான் நம்பேல்லை. எங்கடை சுன்னாகத்துக் கஞ்சன் ஆராவதாய்த்தான் இருக்கும்."

சிரித்துச் சிரித்துப் புரையேறும் எங்களுக்கு. அவர் மட்டும் சிரிக்காமல் விரலை உயர்த்துவார். "ஆனால் ஒண்டு. தகடு மூடிக் கிடந்தால் பெட்டி சொல்லுறதை நம்பப்படாது. பெட்டி வெறுமையாய் இருக்கும், குழலுக்குள்ளை ஒண்டு இருக்கும். துவக்கிலை செத்தவங்களிலை கனபேர் வெறுந் துவக்காலைதான் செத்தவங்கள். அதுதான் சொல்லுறது, திறந்து பாக்கவேணும்."

அப்போதுதான் புட்டுப் பெட்டியின் கதை எனக்கு விளங்கியது. துவக்கைக் கைமாற்றும்போது திறந்து, உள்ளே காட்டி, வாங்குகிறவர் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பது ஆமரர்களின் வழக்கம். முப்பது வருடமாகத் துவக்கைத் தொடமுடியாத அந்த மனிதர், அதைச் சாப்பாட்டுப் பெட்டியில் செய்துகொண்டிருந்தார்.

இனி வெங்காயக்காரரின் கதை.

வலிகாமம் வடக்கில் கால் நூற்றாண்டாகப் போகமுடியாதிருந்த காணிகளைத் துண்டு துண்டாக விட்டுக்கொண்டிருந்த நேரம். வெங்காயம் செய்கிற ஒரு மனிதர் தன் காணிக்குத் திரும்பிப் போய், முதல் வேலையாகக் கிணற்றை இறைத்துச் சேறு வாரினார். சேற்றுக்குள் உரப்பையில் சுற்றிக் கட்டிய ஒரு துவக்கு அகப்பட்டது. கண்டதும் அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அது வராதே. ஒரு அரசாங்க ஆளிடம் சாமானைச் சேறும் சகதியுமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருக்கு வெட்கம். கழுவினார். வெயிலில் காயவைத்தார். வேலை முடிந்து மண்வெட்டியை எடுத்து வைக்கும்போது செய்வதைப் போல நல்லெண்ணெய் பூசினார். பிடங்கின், அதாவது தோளில் முட்டுக்கொடுக்கிற மரக்கட்டையின், அடியில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி மினுக்கினார். புதுச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, கிராம அலுவலரான விதானையாரிடம் ஒப்படைக்கப் புறப்பட்டார். வழியில் பொலிஸார் மறித்துவிட்டார்கள்.

சாக்கு அவிழ்ந்தது. உள்ளே எண்ணெய் பூசிப் பளபளக்கிற துவக்கு. "ஒழுங்காகப் பராமரித்து வைத்திருக்கிறார்" என்று அறிக்கை எழுத அதற்குமேல் என்ன வேண்டும்? ஆளை விளக்கமறியலில் போட்டார்கள். மூன்று வழக்குத் தவணை போயிற்று, பிணை கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போன பகுப்பாய்வுக் கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. குற்றம் நிரூபணமானால் அவர் வெங்காயம் நட இந்தப் பிறவியில் திரும்பி வருவாரோ தெரியாது. அவருக்கு நான்தான் சட்டத்தரணி.

அவருடைய மனைவியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். சத்தியத்தை மீறினேன் என்றால் மீறினேன்தான். கையில் ஒரு சத்தியக் கடதாசியை எழுதியே கொண்டுபோனேன்: இத்தனை காலம் கிணற்றில் கிடந்த துவக்கு வேலை செய்யாது என்று ஒரு நிபுணர் சொல்வதாக.

மாமா வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"நான் பாக்கேல்லை. பாக்காமல் எழுதமாட்டன்."

"மாமா, ஒரு கையெழுத்துத்தானே! மனுசன் உள்ளுக்கை கிடக்கிறார்."

"பாக்காமல் எழுதினதாலைதானே கிடக்கிறார்? நானும் பாக்காமல் எழுதினால் அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்கு வந்த கோபத்தில் கடதாசியைக் கிழித்திருப்பேன். பயந்துபோய்க் கிடக்கிறார், சாட்டுச் சொல்லுகிறார் என்றே நினைத்தேன். மாமியோ குசினி வாசலில் நின்றுகொண்டு, "இவருக்குக் கண் தெரியாது பிள்ளை, இவரை விடுங்கோ" என்று, அந்தப் பழைய பொய்யை என்னிடமே திருப்பிச் சொன்னார். கண்ணில் நீர் நின்றது. அந்தப் பொய்தானே அவர்களை அதுவரை காப்பாற்றியது.

 வெங்காயக்காரரின் மனைவி பக்கம் திரும்பி மாமா மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, மனுசன் என்ன எண்ணெய் பூசினவர்?"

"நல்லெண்ணெய் ஐயா."

"எங்கை எங்கை?"

"மரத்திலை, குழாயிலை, எல்லா இடமும். பித்தளையை நான்தான் புளி போட்டு மினுக்கிக் குடுத்தனான்."

"அந்தப் பித்தளையிலை இருக்கிற கதவைத் திறந்தனீங்களோ?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "கதவோ? துவக்கிலை என்ன ஐயா கதவு?"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு எழுந்து மாமியிடம் போய், "என்ரை வெள்ளைச் சேட்டை எடுத்து ஸ்திரிக்கை போடும்," என்றார். "தவணைக்கு நான் வாறன்."

துவக்கு நீதிமன்ற மேசையில் கிடந்தது. விசையில் ஒரு கடதாசித் துண்டு கட்டியிருந்தது: இயங்கும் நிலை, ரவை இல்லை. நீதவான், என் விண்ணப்பத்தை ஏற்று, மாமா பார்வையிடலாம் என்றார். அவர் கிட்டப் போகவில்லை. மேசையைச் சுற்றி வந்து பக்கவாட்டில் நின்றார். அந்தத் தடித்த கண்ணாடிக்கு மேலால் துவக்கின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, குழல் நீண்டிருந்த திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் மூன்று தவணையாக உட்கார்ந்திருந்தது நான்.

"ஐயா," என்றார் நீதவானிடம், அவசரமில்லாமல். "எல்லாரையும் வெளியிலை போகச் சொல்லவேணும். ஒருதரும் மேசையிலை முட்டப்படாது."

"ரவை இல்லை என்று அறிக்கை இருக்கிறதே," என்றார் வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி. "ரவைப்பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். வெறுமை."

"பெட்டி வெறுமைதான். தகடு மூடிக் கிடக்கு, பாருங்கோ. பெட்டிக்கும் குழலுக்கும் இப்ப கதைபேச்சில்லை." பின்பக்கத்துக் குமிழைக் காட்டினார். தொடவில்லை. விரலைக்கூட நேரே நீட்டவில்லை, கையை விரித்துத்தான் காட்டினார். "இந்தக் குமிழ் ஒரு விரலளவு பின்னுக்கு நிக்குது. துவக்கு எழும்பி நிக்குது ஐயா. கறல்தான் பிடிச்சு வைச்சிருக்கு."

நீதிமன்றம் அவ்வளவு வேகமாக ஒருநாளும் கலைந்ததில்லை.

மத்தியானம் வெடிபொருள் அகற்றும் பிரிவினர் வந்தார்கள். அவர்களின் அதிகாரி இந்த வகையைப் படத்தில்தான் பார்த்திருந்தார். மாமா அவரோடு சிங்களத்தில் கதைத்தார். நல்ல, பழைய, பொலிஸ் சிங்களம். கட்டடத்துக்குப் பின்னால் மண்மூட்டைகளுக்கு நடுவில், வேலிப் பூவரசில் ஒரு குச்சியை முறித்துச் சீவி, குமிழ் முன்னுக்குப் பாயாதபடி ஆப்பாகச் செருகினார். துருப்பிடித்த கறல் இளக எண்ணெய் விட்டார். காத்திருந்தார். மரக்கட்டையால் மெல்ல மெல்லத் தட்டி, போல்ட்டை, அதுதான் பின்னால் இழுக்கும் இரும்புத் தண்டை, உயர்த்தி இழுத்தார். எண்பதைத் தாண்டிய கை. மாமி தூரத்தில் என் கையை நசுக்கிக்கொண்டு நின்றார்.

குழலின் வாசலில், பச்சை பிடித்த பித்தளை வட்டம் ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரவை உள்ளேதான் இருந்தது. சுத்தமான எண்ணெய் ஒரு சொட்டுக்கூட அங்கே போனதில்லை. கறலும் சேறும்தான்.

பிறகு துவக்கைத் திருப்பி, புளி போட்டு மினுக்கிய அந்தப் பித்தளையில் நகத்தால் எதையோ நெம்பினார். ஒரு சின்னக் கதவு திறந்தது. உள்ளே ஒரு பித்தளை எண்ணெய்ச் சிமிழ், குழல் துடைக்கிற கயிறு. இரண்டும் கிணற்றுச் சேற்றில் புதைந்து இறுகிக் கிடந்தன.

"துவக்கைத் தெரிஞ்சவன் முதல்ல திறக்கிறது இந்தக் கதவைத்தான்," என்று நீதவானிடம் சொன்னார். "துவக்கின்ரை எண்ணெய் உள்ளுக்கை கிடக்குது. இவர் நல்லெண்ணெய் பூசியிருக்கிறார். உள்ளுக்கை ரவை இருக்கிறது தெரியாமல் கரியரிலை கட்டிக்கொண்டு போயிருக்கிறார். உது துவக்கு வைச்சிருந்த ஆளில்லை ஐயா. மண்வெட்டி வைச்சிருக்கிற ஆள்."

நான் சட்டப் புத்தகம் புரட்டி எழுதிய எந்த விண்ணப்பமும் அந்த ஒரு வரிக்குக் கிட்ட வராது. எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அன்றைக்கு அவர் என் கடதாசியில் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த ரவை மேசையில் என்னைப் பார்த்தபடியே கிடந்திருக்கும். 'வேலை செய்யாது' என்று நான் எழுதிய துவக்கு, யாராவது தட்டிவிட்டிருந்தால் வேலை செய்தும் காட்டியிருக்கும்.

வெங்காயக்காரருக்கு அடுத்த தவணையில் பிணை கிடைத்தது. இரண்டு போகம் கழிய வழக்கே தள்ளுபடியாகிப் போயிற்று. பிணையில் வந்து செய்த முதல் அறுவடையில் அவர் ஒரு சாக்கு வெங்காயத்தோடு வந்து வாசலில் நின்றார். மாமா கையை நீட்டவில்லை. வெங்காயக்காரர் ஏற்கெனவே என்னிடம் விசாரித்து வைத்திருந்தார், சாக்கை அவிழ்த்து வாயை விரித்துக் காட்டினார். மாமா கையை அடிவரை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "சரி, வையும்," என்றார்.

மாமா இப்போது இல்லை. பெயரை நான் எழுதவில்லை. எழுதுவது மாமிக்கு இன்றைக்கும் பயம். ஆனால் துவக்கைத் திறந்த அந்த மத்தியானம் சாட்சியம் பதியும்போது நடந்ததை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார். எழுதுவினைஞர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பெயர். வயது. விலாசம். பிறகு, தலை நிமிராமலே, "தொழில்?" என்றார்.

 அவர் பின்வரிசை வாங்கில் இருந்த மாமியைப் பார்த்தார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்படியே, மெதுவாக, சம்மதமாகத் தலையை அசைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதன் இரண்டு காலையும் மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். நேரே நீதவானைப் பார்த்தார்.

"ஆமரர்."

எழுதுவினைஞருக்கு வயது போன மனிதரில் இரக்கம். "முன்னாள் எண்டு சேர்த்துப் போடட்டோ ஐயா?"

"வேண்டாம் தம்பி," என்றார். "ஆமரர் எண்டே போடும்."